வால்வு ஓசையும் அதன் காரணத்தைத் துணிதலும்

சித்தூரிலிருந்து வடக்கே செல்லும் நெடுஞ்சாலை புத்தலப்பட்டில் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை பீலேறு, கடப்பை ஆகிய ஊர்களை நோக்கிச் செல்கின்றது. மற்றொன்று சந்திரகிரி வழியாகத் திருப்பதியை அடைகின்றது. திருமலைக்குச் செல்லும் வண்டிகளில் பல இக்கூட்டு ரோட்டைக் கடந்தே செல்கின்றன. 1944-இல் திறக்கப்பட்ட முதல் மலைச்சாலை இப்போது இறங்குவதற்கும், 1974-இல் அமைந்த இரண்டாம் சாலை ஏறுவதற்கும் பயன்படுகின்றன. சமவெளியில் நெடுந்தூரம் ஓடிவந்த எந்திரம் மலையடிவாரத்தில் திடீரென முழுப்பளுவைத் தாங்க வேண்டியிருக்கின்றது.

இத்தகைய வழியில் வாடகைக்கு ஓடும் பழைய கார் ஒன்றைக் கருதுக. அதன் உரிமையாளரே ஓட்டுநருமாவார். பல மாத வருவாயைச் சேர்த்து எந்திரத்தைப் பிரித்துப் புதுப்பித்திருக்கின்றார். சிலிண்டர்கள் கடையப்பட்டன, புதிய பிஸ்டன்களும் வளையங்களும் இடப்பட்டன, வால்வுகள் தேய்த்து அமர்த்தப்பட்டன. ஆயினும் எந்திரத்தின் மேற்புறத்தில் 'டிக், டிக்' என்னும் ஓசை நிற்கவில்லை. பட்டறைத் தொழிலாளி இடைவெளித் திருகைச் சற்றே இறுக்குகின்றார். ஓசை அடங்கிவிடுகின்றது. உரிமையாளரும் மனநிறைவுடன் வண்டியை எடுத்துச் செல்கின்றார். சில மாதங்கள் கழிந்தபின் ஏற்றத்தில் எந்திரம் வலுவிழக்கின்றது. மீண்டும் பிரித்துப் பார்க்கும்போது வெளியேற்று வால்வின் விளிம்பு கரிந்து பிளந்திருக்கின்றது.

இங்கு நேர்ந்த பிழை யாது? ஓசை நீக்கப்பட்டதேயன்றி, அதன் காரணம் நீக்கப்படவில்லை. காரணத்தை முறையாகத் துணிவது எவ்வாறு என்பதை இப்பாடத்தில் காண்போம்.

ஓசை பிறக்கும் விதம்

ஒரு காலத்தில் நம் நாட்டுச் சாலைகளில் பெருவழக்காயிருந்த அம்பாசடர் காரின் 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எந்திரம் இப்பாடத்திற்கு ஏற்ற எடுத்துக்காட்டாகும். இவ்வண்டியின் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. எனினும் இதன் வால்வு அமைப்பு வெளிப்படையானது. மாணவர் கண்ணால் கண்டு பின்பற்றக் கூடியது.

எந்திரத்தின் உடற்பகுதியில் காம் தண்டு சுழல்கின்றது. அதன் மேடுகள் ஒவ்வொன்றும் டாப்பெட் என்னும் உருளையை மேலே தூக்குகின்றன. டாப்பெட்டின் மேல் நிற்கும் தள்ளுகோல், பட்டறையில் புஷ்ராடு எனப்படுவது, ராக்கரின் ஒரு முனையை உயர்த்துகின்றது. ராக்கர் ஒரு நெம்புகோலாதலின் அதன் மறுமுனை தாழ்ந்து வால்வை அழுத்தித் திறக்கின்றது. மேடு கடந்ததும் சுருள்வில் வால்வை மூடிவிடுகின்றது.

இவ்வுறுப்புகளுள் எங்கேனும் தேவைக்கு மேற்பட்ட இடைவெளி இருப்பின், ஓர் உறுப்பு மற்றொன்றைத் தொட்டுத் தள்ளுவதற்கு மாறாக, அதன்மேல் மோதுகின்றது. வால்வும் தன் இருக்கையில் மெல்ல அமராமல் விரைந்து வீழ்கின்றது. அம்மோதலே நாம் கேட்கும் ஓசை.

காம் தண்டு கிராங்க் தண்டின் பாதி வேகத்தில் சுழல்வது. கிராங்க் தண்டு நிமிடத்திற்கு 600 சுற்றுகள் சுழலும்போது, காம் தண்டு 300 சுற்றுகள் சுழலும். ஆகவே ஒரு வால்வின் ஓசை வினாடிக்கு 5 முறை கேட்கும். கிராங்க் தண்டின் ஒவ்வொரு சுற்றிலும் எழும் ஓசையாயின் வினாடிக்கு 10 முறை கேட்கும். பழகிய காது இவ்வேறுபாட்டை எளிதில் உணரும்.

இடைவெளியின் தேவை

இடைவெளியே இல்லாவிடில் ஓசையும் இராதே என்று மாணவர் வினவக்கூடும். இதற்கு வெப்பத்தினால் உலோகம் விரியும் இயல்பே விடையாகும். 100 மில்லிமீட்டர் நீளமுள்ள எஃகுத் தண்டின் வெப்பநிலை 300 பாகை செல்சியஸ் உயர்வதாகக் கொள்வோம். எஃகின் நீட்சிக் கெழு ஏறத்தாழ 0.000012. எனவே அத்தண்டு 100 × 0.000012 × 300, அதாவது 0.36 மில்லிமீட்டர் நீளும். எந்திரத் தலையும் உடலும்கூட விரிவதால் இந்நீட்சி முழுவதும் இடைவெளியைக் குறைத்துவிடுவதில்லை. எனினும் வெளியேற்று வால்வு தன்னைச் சூழ்ந்த உறுப்புகளைவிட மிகுதியாகச் சூடேறுவது. அவ்வேறுபாட்டிற்காகவே இடைவெளி விடப்படுகின்றது.

இடைவெளி போதாவிடில் சூடேறிய வால்வு தன் இருக்கையில் முற்றிலும் அமராது. வால்வின் தலை பெற்ற வெப்பத்தின் பெரும்பகுதி, அது மூடியிருக்கும் காலத்தில், இருக்கையின் வழியாகவே குளிர்நீருக்குச் செல்லவேண்டும். அவ்வழி அடைபடுவதுடன், எரியும் வாயுவும் விளிம்பிலுள்ள சந்தின் வழியே பீறிட்டு வெளிவருகின்றது. வால்வு கரிவது இதனாலேயாம். இத்தீங்கு நிகழும்போது எவ்வித ஓசையும் எழாது என்பதை ஆசிரியர் வலியுறுத்திக் கூறவேண்டும். இடைவெளி சற்று மிகுந்தால் எந்திரம் ஓசையால் எச்சரிக்கும்; இடைவெளி குறைந்தால் ஓசையின்றிக் கெடும்.

தேய்மானமும் இருவகைப்படும். ராக்கரும் தள்ளுகோலும் டாப்பெட்டும் தேய்ந்தால் இடைவெளி பெருகும். வால்வின் இருக்கை தேய்ந்து வால்வு உள்ளே அமிழ்ந்தால் அதன் தண்டு மேலெழுந்து இடைவெளி சுருங்கும். எனவே நாளடைவில் தானே அமைதியாகிவிட்ட எந்திரம் நலமடைந்துவிட்டது என்று கொள்ளலாகாது.

ஓசையின் இடத்தைக் காணல்

பிரிப்பதற்கு முன் கேட்கவேண்டும். நீண்ட மரக்கோலின் ஒரு முனையை எந்திரத்தின் மீது ஊன்றி, மறுமுனையைக் காதருகே வைத்துக் கேட்பது பழைய முறை, இன்றும் பயனுள்ளது. சுழலும் விசிறிக்கும் பட்டைக்கும் அருகே கோலையோ கையையோ கொண்டு செல்லலாகாது. தளர்ந்த ஆடை, துண்டு ஆகியவற்றை முன்னதாகவே களைந்துவிட வேண்டும்.

ராக்கர் மூடியின் மீது ஓசை மிகுதியாகக் கேட்டால் வால்வு அமைப்பை ஐயுறலாம். எந்திரத்தின் முன்புறத்தில் மிகுந்தால் காம் தண்டை ஓட்டும் சங்கிலியை நோக்கவேண்டும். காம் தண்டினால் இயங்கும் பெட்ரோல் பம்பு உள்ள வண்டிகளில், பம்பின் நெம்புகோலும் இதே வேகத்தில் தட்டும். வெளியேற்றுக் குழல் எந்திரத் தலையுடன் சேருமிடத்தில் வாயு கசிந்தாலும் வால்வு ஓசையை முற்றிலும் ஒத்த 'டிக்' ஒலி பிறக்கும். எந்திரம் குளிர்ந்திருக்கும்போது அது மிகுந்தும், சூடேறி உலோகம் விரிந்து சந்து அடைபட்டபின் குறைந்தும் கேட்கும். புதுப்பித்தபோது இக்குழலின் கேஸ்கட் செம்மையாக அமையாதிருத்தல் பெரிதும் நிகழ்வதாகும்.

பிஸ்டன் சிலிண்டர்ச் சுவரில் அறையும் ஓசையும் பெரும்பாலும் எரிப்பு நிகழும் வீச்சிலேயே, அதாவது கிராங்க் தண்டின் இரு சுற்றுக்கு ஒருமுறை எழுகின்றது. ஆதலின் எண்ணிக்கை மட்டும் முடிவான சான்றாகாது. ஒரு சிலிண்டரின் தீப்பொறியை நிறுத்திப் பார்க்க வேண்டும். நிறுத்தியதும் ஓசை தணிந்தால், அது எரிப்பின் அழுத்தத்தைச் சார்ந்தது. பிஸ்டன், இணைதண்டு, வாயுக்கசிவு ஆகியவற்றுள் ஒன்று காரணமாகலாம். மாறாதிருந்தால், வால்வு அமைப்பையே பெரிதும் ஐயுறவேண்டும். உயர் மின்னழுத்தக் கம்பியை வெறுங்கையால் தொடக்கூடாது. இக்காலத்துக் காமன் ரெயில் டீசல் எந்திரங்களில் எரிபொருள் குழாயைத் தளர்த்தி இச்சோதனையைச் செய்ய ஒருபோதும் முயலக்கூடாது. அக்குழாய்களில் 1000 பாருக்கு மேற்பட்ட அழுத்தம் உண்டு. பீறிடும் எரிபொருள் தோலைத் துளைத்து உட்புகும்.

வால்வு அமைப்பே காரணம் என்று தோன்றினால், மூடியைக் கழற்றி, எந்திரத்தை மெல்ல ஓடவிட்டு, பீலர் கேஜ் என்னும் அளவுத் தகட்டை ஒவ்வொரு ராக்கருக்கும் வால்வுத் தண்டிற்கும் நடுவே செருகுக. எந்த வால்வில் தகடு நுழைந்ததும் ஓசை மாறுகின்றதோ, அதன் எண்ணைக் குறித்துக்கொள்க. திருகைத் தொடுவதற்கு இன்னும் வேளை வரவில்லை.

அளக்கும் முறை

இவ்வெந்திரத்தில் எட்டு வால்வுகள் ஒரே வரிசையில் உள்ளன. முன்புறத்திலிருந்து எண்ணினால் 1, 4, 5, 8 ஆகியவை வெளியேற்று வால்வுகள். 2, 3, 6, 7 ஆகியவை உள்வாங்கு வால்வுகள். ஒரு வால்வை அளக்கும்போது அதன் டாப்பெட் காமின் மேடற்ற பகுதியின் நடுவே நிற்கவேண்டும். இதனை அறிய 'ஒன்பது' என்னும் விதி உதவும். அளக்கவேண்டிய வால்வின் எண்ணை ஒன்பதிலிருந்து கழிக்க. வரும் எண்ணுள்ள வால்வு முற்றிலும் திறந்திருக்கும்படி எந்திரத்தைச் சுழற்றுக. எட்டாவது திறந்திருக்கையில் முதலாவதையும், ஆறாவது திறந்திருக்கையில் மூன்றாவதையும் அளக்கவேண்டும்.

இவ்விதியை மனப்பாடம் செய்விப்பதோடு நில்லாமல் அதன் காரணத்தையும் கற்பித்தல் நன்று. இவ்வெந்திரத்தின் எரிப்பு வரிசை 1, 3, 4, 2. முதற் சிலிண்டருக்கும் நான்காவதற்கும் இடையே கிராங்க் தண்டின் ஒரு முழுச்சுற்று, அதாவது காம் தண்டின் அரைச்சுற்று உள்ளது. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையேயும் அவ்வாறே. கூட்டினால் ஒன்பதாகும் இரு வால்வுகள் எப்போதும் இத்தகைய இணைச் சிலிண்டர்களைச் சேர்ந்தவை; ஒரே இனத்தவை. ஆகவே ஒன்று மேட்டின் உச்சியில் இருக்கும்போது மற்றது நேர் எதிரான தாழ்ந்த பகுதியில் நிற்கின்றது.

இவ்வெந்திரத்திற்குரிய இடைவெளி 0.015 அங்குலம், ஏறத்தாழ 0.38 மில்லிமீட்டர். பிற எந்திரங்களுக்கு இவ்வளவு பொருந்தாது. எந்திரம் சூடாயிருக்கையில் அளப்பதா, குளிர்ந்திருக்கையில் அளப்பதா என்பதையும் தயாரிப்பாளரின் கைந்நூலில் கண்டே துணிதல் வேண்டும். புதுப்பித்த எந்திரம் சிறிது தூரம் ஓடியபின் தலையின் கேஸ்கட் அமுங்கும். தலையின் நட்டுகளை மீண்டும் உரிய அளவில் முடுக்கும்படி கைந்நூல் கூறுமாயின், அதன்பின் இடைவெளிகளையும் மீண்டும் அளக்கவேண்டும். தலை கீழிறங்குவதால் இடைவெளி குறைந்திருக்கும்.

தகடு காட்டாத பள்ளம்

இடைவெளி எட்டு வால்வுகளிலும் சரியாக இருந்தும் ஓசை நிற்கவில்லையாயின், தொழிலாளிகள் பெரிதும் திகைப்பர். இதற்கு மிகப் பொதுவான காரணம் ராக்கரின் முனையிலேயே உள்ளது. பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடிய ராக்கரின் முனையில், வால்வுத் தண்டு படுமிடத்தில், சிறு பள்ளம் விழுந்திருக்கும். பீலர் கேஜின் தகடு தண்டைவிட அகன்றது. ஆகவே அது பள்ளத்தினுள் இறங்காமல், அதன் இரு கரைகளின் மீது பாலம்போல் தங்கிவிடும். பள்ளத்தின் ஆழம் 0.15 மில்லிமீட்டராயின், தகடு 0.38 என்று காட்டும்போது உண்மை இடைவெளி 0.53 ஆகும். தொழிலாளி பிழையின்றி அளந்திருக்கின்றார், கருவியும் பிழையற்றது, அளவு மட்டும் தவறு.

உண்மை இடைவெளியைத் திருகின் சுற்றைக் கொண்டு காணலாம். பூட்டு நட்டைத் தளர்த்தி, இடைவெளி அற்றுப்போகும் வரை திருகை மெல்ல இறுக்குக. பின்னர்க் கணக்கிட்ட அளவு திருப்பித் தளர்த்துக. எடுத்துக்காட்டாக, திருகின் புரியிடை 1 மில்லிமீட்டர் என்றும், ராக்கரின் நெம்பு விகிதம் 1.4 என்றும் கொள்வோம். வால்வின் பக்கம் 0.38 மில்லிமீட்டர் வேண்டுமாயின், திருகின் பக்கம் 0.38 ÷ 1.4, அதாவது 0.27 மில்லிமீட்டர் போதும். இதற்குத் திருகை ஏறத்தாழ 98 பாகை, கால் சுற்றுக்குச் சிறிது மேலாகத் திருப்பவேண்டும். தம்மிடமுள்ள எந்திரத்தின் புரியிடையையும் விகிதத்தையும் அளந்து மாணவரே இக்கணக்கைச் செய்தல் வேண்டும். டயல் கேஜ் கிடைக்குமாயின் அதனாலும் சரிபார்க்கலாம்.

இது வண்டியை ஓட்டுவதற்குரிய இடைக்கால ஏற்பாடேயாகும். பள்ளம் விழுந்த ராக்கரை மாற்றுவதோ, தக்க கருவியில் அதன் வளைவு கெடாமல் சாணை பிடிப்பதோதான் முறையான பரிகாரம். அவ்வாறே ராக்கரைக் கையால் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்து, அதன் புஷ்ஷும் ராக்கர் தண்டும் தேய்ந்துள்ளனவா என்றும் நோக்கவேண்டும்.

எண்ணெய் செல்லும் வழி

ராக்கர் மூடியைக் கழற்றி எந்திரம் மெல்ல ஓடும்போது, ஒவ்வொரு ராக்கரிலும் எண்ணெய் கசிந்து வரவேண்டும். எட்டும் உலர்ந்திருந்தால் குற்றம் பொது வழியில் உள்ளது. ஒன்றிரண்டு மட்டும் உலர்ந்திருந்தால் குற்றம் ராக்கர் தண்டின் சிறு துளைகளில் உள்ளது.

புதுப்பிக்கும்போது நேரும் பிழைகள் இங்குப் பலவாகும். காம் தண்டின் புதிய புஷ்ஷைச் செலுத்துகையில் அதன் துளை எந்திர உடலின் துளைக்கு நேராக அமையாவிட்டால், மேற்செல்லும் எண்ணெய் அடியோடு தடைபடும். கேஸ்கட்டில் மிகையாகப் பூசிய பசை துளையை அடைக்கலாம். ராக்கர் தண்டைத் திருப்பிப் பூட்டினால் அதன் துளைகள் பளு விழும் பக்கத்திற்கு மாறான பக்கத்தை நோக்கும். தண்டின் உட்புறத்தைக் கழுவாமல் பூட்டினால் பழைய கசடே போதும் அடைப்பதற்கு. எண்ணெயழுத்த மானி நல்ல அளவைக் காட்டினும் ராக்கருக்கு எண்ணெய் செல்கின்றது என்பதற்கு அது சான்றாகாது.

காமும் டாப்பெட்டும்

மேற்கூறிய யாவும் செம்மையாயிருந்தும் ஒரு வால்வு தட்டுமாயின், கீழே நோக்கவேண்டும். டாப்பெட்டின் அடிப்பகுதி தட்டையாகத் தோன்றினும், பெரும்பாலான எந்திரங்களில் அது சிறிதே குவிந்திருக்கும். காமின் மேடும் மிகச் சிறிய சரிவுடன் கடையப்பட்டிருக்கும். இதனால் டாப்பெட் ஒவ்வொரு முறையும் சற்றே சுழன்று ஒரே சீராகத் தேய்கின்றது. அடிப்பகுதி தேய்ந்து குழிந்துவிட்டால் சுழற்சி நிற்கும். காமின் மேடு விரைவில் அரிக்கப்படும்.

பழைய டாப்பெட்டுகளை இடம் மாற்றிப் பூட்டுவதும், புதிய காம் தண்டின்மீது பழைய டாப்பெட்டுகளை வைப்பதும் இக்கேட்டிற்கு வழியாகும். பிரிக்கும்போதே எண்ணிட்டு வைத்தல் வேண்டும். புதிய காம் தண்டாயின் டாப்பெட்டுகளும் புதியனவாதல் வேண்டும். புதிய காம் தண்டுள்ள எந்திரத்தை முதன்முறை மிக மெதுவாக ஓடவிடாமல், நிமிடத்திற்கு 2000 சுற்றுகள் அளவில் சுமார் 20 நிமிடம் ஓட்டுவது வழக்கம். காமின் மேடுகளுக்கு எண்ணெய் பெரிதும் தெறித்தே சேர்வதால் இவ்வேகம் தேவைப்படுகின்றது. துத்தநாகமும் பாஸ்பரசும் சேர்ந்த தேய்வுத்தடைப் பொருள் இக்காலத்து எண்ணெய்கள் பலவற்றில் குறைக்கப்பட்டுள்ளது. ஆகவே பழைய எந்திரத்திற்குரிய எண்ணெயைக் கேட்டு வாங்குதல் நன்று.

மேட்டின் தேய்மானத்தை அறிய, டயல் கேஜைத் தள்ளுகோலின் மேல்முனையில் பொருத்தி எட்டு ஏற்றங்களையும் ஒப்பிடுக. ஏழு தள்ளுகோல்கள் 6 மில்லிமீட்டர் உயர, ஒன்று மட்டும் 5.2 உயருமாயின், திருகினால் பயனில்லை என்பது தெளிவு.

தாமே சரிசெய்துகொள்ளும் அமைப்புகள்

இன்று இச்சாலைகளில் ஓடும் வாடகைக் கார்கள் பலவற்றில் இடைவெளித் திருகே கிடையாது. 2007 முதல் 2020 வரை நம் நாட்டில் விற்கப்பட்ட ஸ்விப்ட் டீசல் கார்களின் 1.3 லிட்டர் மல்டிஜெட் எந்திரத்தில் எண்ணெயழுத்தத்தால் இடைவெளியைத் தாமே நிரப்பிக்கொள்ளும் உருளைகள் உள்ளன. ஒவ்வொன்றினுள்ளும் சிறு உந்தும், எண்ணெயைத் திரும்பவிடாத குண்டு வால்வும் அமைந்துள்ளன.

இவற்றைப் புதுப்பித்து ஓட்டியவுடன் எழும் ஓசை, உள்ளே தங்கிய காற்றினால் வருவதாகலாம். காற்று அமுங்கும், எண்ணெய் அமுங்காது. சில நிமிடங்களில் காற்று வெளியேறி ஓசை நின்றால் அஞ்சவேண்டியதில்லை. நில்லாவிடில் முதலில் எண்ணெயின் மட்டத்தைக் காண்க. மட்டம் தாழ்ந்தால் பம்பு காற்றை இழுக்கும். மிகுந்தால் கிராங்க் தண்டு எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும். இரண்டினாலும் உருளைகளில் காற்று புகும். அடுத்து எண்ணெயின் தரத்தையும் அழுத்தத்தையும் நோக்குக. இவை சரியாயிருந்து, அழுத்திப் பார்க்கையில் ஓர் உருளை மட்டும் மற்றவற்றைவிட எளிதில் அமிழுமாயின், அதுவே மாற்றத்தக்கது.

பதிவேடும் முடிவும்

மாணவர் ஒவ்வொருவரும் எட்டு வரிகள் கொண்ட அட்டவணையொன்றை எழுதவேண்டும். வால்வின் எண், தகடு செருகியபோது ஓசையில் கண்ட மாற்றம், தகட்டால் அளந்த இடைவெளி, திருகின் சுற்றால் கண்ட இடைவெளி, எண்ணெய் வரவு, தள்ளுகோலின் ஏற்றம் என ஆறு பத்திகள் போதும். இரண்டு இடைவெளிகளும் வேறுபடின் ராக்கர் முனை குற்றமுடையது. ஏற்றம் குறையின் காம் குற்றமுடையது. யாவும் ஒத்திருந்து ஓசை மட்டும் மிகின் வழிகாட்டியையும் சுருள்வில்லையும் ஆராயவேண்டும். இவ்வட்டவணை நிரம்பும்வரை திருகை இறுக்குவதில்லை என்பது வகுப்பின் விதியாகுக.

கள அலுவலர்க்கும் இஃது உரியதே. புத்தலப்பட்டிலோ வேறெங்கோ, ஓட்டுநர் ஒருவர் ஓசையைக் காட்டி முறையிடும்போது, அதனை உடனே அடக்கித் தருபவரே திறமையாளர் என்னும் எண்ணம் பரவியுள்ளது. அரைநாள் செலவிட்டு அளந்து, ஒரு ராக்கரை மாற்றச் சொல்பவரிடம் அவர் முதலில் மனம் குறைபடலாம். அட்டவணையை அவர் முன் வைத்து விளக்கினால் புரிந்துகொள்வார். உரிய இடைவெளியில் மெல்லிய ஓசை சிறிது எஞ்சியிருப்பது இவ்வகை எந்திரத்தின் இயல்பு என்பதையும் அப்போதே கூறிவிடவேண்டும்.

பயிற்சி வினாக்கள்

1. இரண்டாவது வால்வை அளக்கும்போது எவ்வால்வு முற்றிலும் திறந்திருக்கவேண்டும்? ஏன்?

2. திருகின் புரியிடை 1 மில்லிமீட்டர். நெம்பு விகிதம் 1.5, வேண்டிய இடைவெளி 0.30 மில்லிமீட்டர். திருகை எத்தனை பாகை தளர்த்தவேண்டும்?

3. முன்பு தட்டிய வால்வு, திருகைத் தொடாமலே, ஓராண்டில் அமைதியாகிவிட்டது. இதற்குரிய காரணம் யாது? பரிசோதகர் செய்யவேண்டுவது யாது?

4. தீப்பொறியை நிறுத்தியதும் 'டிக்' ஓசை தணிந்தது. எந்திரம் சூடேறியபோதும் தணிந்தது. ஐயுறத்தக்க உறுப்பு எது?